முதல் பக்கமும் நான்காம் பக்கமும்

"இது நான் எழுதினதா?"

"இல்ல. நான் எழுதினது."

"அப்புறம் ஏன் கீழ என் பேரு?"

"ஆறு மணிக்குள்ள அச்சுக்குக் குடுக்கணும். ஒரு நெசவுக்காரி கடிதம் வேணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச நெசவுக்காரி நீ ஒருத்திதான்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப." வேன்யா முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை. "விடு காபா. நம்ம பத்திரிகையைப் போய் யாராவது படிப்பாங்களா?"

1960 செப்டம்பரில், எங்கள் தளத்துக் குடும்பங்களுக்கெல்லாம் பொதுவான சமையலறையில், அடுப்பின் பக்கத்தில் நின்று நானும் என் கணவனும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அன்று நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பெயரில் வந்திருந்த கடிதத்தில் 'எங்கள் உள்ளங்கள் பொங்குகின்றன' என்று ஒரு வரி இருந்தது. உள்ளம் பொங்குகிறதா, பால் பொங்குகிறதா பார் என்று அவனைக் கேலி செய்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தோம்.

வேன்யா எங்கள் நகரத்துப் பத்திரிகையான 'புதிய கரை'யில், உழைப்பாளர் கடிதங்கள் பிரிவில் வேலை பார்த்தான். கடிதம் வந்தால் பதில் போட வேண்டும். வராவிட்டால் கடிதத்தையே எழுத வேண்டும். பெரும்பாலும் வராது. 'புதிய கரை'யின் நான்கு பக்கங்களை எங்கள் ஊரார் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. உப்புமீன் சுற்றுவார்கள், கம்பளிப் பூட்ஸுக்குள் மடித்து வைப்பார்கள், சுவருக்குப் பூக்காகிதம் ஒட்டும் முன் அடியில் ஒட்டுவார்கள். யாராவது கொஞ்சம் அதிகமாக அளந்தால் "முதல் பக்கம் வாசிக்காதே" என்று வாயை அடைப்பார்கள். குடித்துவிட்டு வந்து கூட்டத்தில் இருந்தேன் என்று சொல்லும் கணவனை, "முதல் பக்கத்தை முடிச்சாச்சுன்னா சாப்பிட வா" என்று மனைவி அழைப்பாள். பத்திரிகை என்றால் அளப்பு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. வோல்காவில் மீன் பெருகியதையும், பால் உற்பத்தி இரட்டிப்பானதையும் ஒருவர்கூட நம்பவில்லை. என் பெயரில் வந்ததை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான்: எட்டுத் தறி எங்களுக்குப் போதவில்லை, ஆளுக்குப் பன்னிரண்டு கொடுங்கள். பதினாறாவது நாள் ஆலையில் கூட்டம் போட்டு அதை உரக்கப் படித்தார்கள். யாருக்கு ஆட்சேபம் என்று கேட்டார்கள். யார் கை தூக்குவார்கள்? சம்மதம் என்பவர்கள் தூக்குங்கள் என்றபோது எல்லாருடைய கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டு தறிகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினோம். ஒரு தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதற்குள் இன்னொன்றில் நூலோட்டும் நாடா நின்றுவிடும். மாலையில் பூட்ஸைக் கழற்றினால் கால் மறுபடி உள்ளே போகாது.

கேன்டீனில் நான் தட்டை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு நிற்கும். நியூராவும் நானும் பதினாறு வயதில் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தவர்கள். என் கல்யாணத்துக்கு அவளுடைய காலணியைத்தான் போட்டுக்கொண்டேன். அந்த நியூராதான் முதலில் சொன்னாள்: "பன்னெண்டு வருது, எடம் விடுங்கடி." அன்றிலிருந்து என் பெயர் பன்னெண்டு. அவர்கள் இடம் விட்டார்கள். முழு மேஜையையும் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஒருநாள் கைகழுவும் இடத்தில் நியூராவைத் தனியாகப் பிடித்து, அதை நான் எழுதவில்லை என்றேன். அவள் ஈரக் கையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்டி. அதெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து அவங்களே எழுதுறதுதான். ஆனா உன் புருஷன் உன்னைக் கேக்காமலா உன் பேரைப் போடுவான்? கட்டின பொண்டாட்டி பேரை?"

நான் என்ன சொன்னாலும் நிற்காது என்று அப்போது புரிந்தது. வேன்யா வந்து, அவர்கள் முன்னால் நின்று, என்னைக் கேட்காமல் எழுதியதாகச் சொல்ல வேண்டும். அவன் சொன்னால் மட்டுமே நம்புவார்கள். அப்படிச் சொன்னால் விஷயம் அன்று மாலைக்குள் கட்சிக் குழுவுக்குப் போகும், அவன் வேலை நிலைக்காது. இது எனக்கும் தெரியும். ஆனால் நான் அவனிடம் கேட்காமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமல்ல. கேட்டு, முடியாது என்று அவன் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஒரே அறையில் எப்படி உட்கார்ந்து சூப் குடிப்பது? அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஒன்றரை வருடம் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

அதைக் கேட்பதைவிட மணவிலக்குக் கேட்பது சுலபமாக இருந்தது. மணவிலக்குக்கு ஒரு படிவம் இருக்கிறது. 1961 மே மாதத்தில், முட்டைக்கோஸ் கருகிப்போனதில் தொடங்கிய ஏதோ ஒரு சண்டையின் மறுநாள், மக்கள் நீதிமன்றத்துக்குப் போய் அதை வாங்கிவந்து நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் எல்லாரும் எழுதுவதையே எழுதினேன்: குணம் ஒத்துவரவில்லை. வேன்யா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தான். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினான். அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றைய சட்டப்படி, மணவிலக்கு வழக்கென்றால் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார், இன்னாரிடமிருந்து விலகக் கோருகிறார் என்று. அது வராமல் வழக்கு நகராது. எங்களுக்கிருந்த பத்திரிகை ஒன்றே ஒன்று. அதன் நான்காம் பக்கத்தில் வியாழக்கிழமை இரண்டு, சனிக்கிழமை இரண்டு என்றுதான் போடுவார்கள். மற்ற இடம் சினிமாவுக்கும் அறை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கும். நான் கோர்ட்டுக் காகிதத்தோடு பத்திரிகை ஆபீஸுக்குப் போனபோது எனக்கு முன்னால் நூற்றெழுபது பேர் காத்திருந்தார்கள். என் சீட்டு நூற்றெழுபத்தொன்று. விளம்பரப் பிரிவுக்காரி அதை ஒரு கம்பியில் குத்தி வைத்தாள். பத்து மாதம் ஆகும் என்றாள். வேன்யாவின் அறைக்கு இரண்டு கதவு தள்ளித்தான் அந்தக் கம்பி.

ஊரார் பத்திரிகையைப் பின்னாலிருந்து படிப்பதற்குக் காரணமும் இந்த அறிவிப்புகள்தான். அந்த நான்கு வரிகளில் யாருக்கும் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பத்து மாதம் ஒரே அறையில் இருந்தோம். போக வேறு இடமில்லை. முதலில் உடுப்பு அலமாரியை நடுவில் இழுத்துப் போட்டு அறையைப் பிரித்தோம். அவனுக்கு ஜன்னல், எனக்குக் கதவு. டிசம்பரில், ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது என்று சொல்லி அலமாரியை மறுபடி சுவரோரம் தள்ளினான். காற்றுக்கும் அலமாரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போது ஒரு பேசினில் வெந்நீர் இருக்கும். கால் வைக்க. யார் வைத்தது என்பதும் பேச்சில் வராது. சில மாலைகளில் அவன் எதையாவது சொல்லி நான் சிரித்துவிடுவேன். உடனே இரண்டு பேருக்கும் கம்பியில் இருக்கும் சீட்டு நினைவுக்கு வந்து, சிரிப்பு அங்கேயே நின்றுவிடும்.

நான் சீட்டைத் திரும்ப வாங்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அவன் நினைத்திருந்தால் நடந்துபோய் அதைக் கம்பியிலிருந்து உருவியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எடுக்கவில்லை என்றால் அவனுக்கும் இது முடிந்தால் போதும் என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் வெந்நீர் எதற்கு? இதை நான் பன்னிரண்டு தறிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே யோசிப்பேன். ஒரு நாள் ஒரு முடிவுக்கு வருவேன், மறுநாள் மாற்றிக்கொள்வேன்.

இப்படியே 1962 மார்ச் எட்டு வந்தது. பெண்கள் தினம், ஆனால் ஆலைக்கு விடுமுறை இல்லை. வேன்யா நான்கு நாளாகக் கூட்டுப்பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தான். மதிய பஸ்ஸில் திரும்புவதாக இருந்தது.

சமையலறையில் பக்கத்து அறை கிளெப் ஸவிச், ஓய்வுபெற்ற படகு மெக்கானிக், கையில் ஒரு மிமோசாப் பூங்கொத்தோடு நின்றார். வருடா வருடம் எங்கள் தளத்துப் பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளை கொடுப்பார். அன்று என்னைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி நீட்டினார்.

"காபா, வாழ்த்துச் சொல்றதா ஆறுதல் சொல்றதான்னு நீயே சொல்லிடும்மா. ரெண்டுக்கும் சேர்த்து எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு பூதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் மேஜையில் கிடந்த 'புதிய கரை'யைக் காட்டினார். எல்லாரையும் போல அவரும் பின்னாலிருந்துதான் படித்திருக்கிறார். நான்காம் பக்கத்தில், சினிமாவுக்கும் தொழிற்பள்ளிச் சேர்க்கைக்கும் நடுவில், எங்கள் முழுப் பெயர்களோடு அறிவிப்பு: 'ஆற்றங்கரைத் தெரு 14-இல் வசிக்கும் ஸூப்கோவா கபிதோலினா யெகோரோவ்னா, அதே முகவரியில் வசிக்கும் ஸூப்கோவ் வெனியமின் பெத்ரோவிச்சிடமிருந்து மணவிலக்குக் கோருகிறார்'. வருத்தப்பட்டுக்கொண்டே தாளைத் திருப்பியிருக்கிறார். முதல் பக்கத்தில் நானும் வேன்யாவும், அரைப் பக்கத்துக்குப் படமாக. மேலே பெரிய எழுத்தில்: 'தறியும் பேனாவும்: ஒரு புதிய குடும்பம்'.

நின்றபடியே படித்தேன். தோழர் ஸூப்கோவா காலையில் பாடிக்கொண்டே ஆலைக்குப் போகிறாள். பன்னிரண்டு தறி இயக்கத்தைத் தொடங்கிவைத்த புகழ்பெற்ற கடிதத்தை எழுதியவள் அவளே. மாலையில் கணவனும் மனைவியும் அன்றைய பத்திரிகையை ஒன்றாக அமர்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கிடையே கருத்து வேற்றுமை என்பதே இல்லை.

எல்லாம் பொய். ஆனால் படம் மட்டும் பொய்யில்லை. அது 1960 மே தினத்தில், கடிதத்துக்கு நான்கு மாதம் முன்பு, ஆற்றங்கரையில் எடுத்தது. காற்றில் என் தலைக்குட்டை பறந்து வேன்யாவின் முகத்தை மூடப்போகிறது, இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை நான் எத்தனை நேரம் பார்த்தேனோ, கிளெப் ஸவிச் என் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பின்பக்கத்தில் இருந்ததில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அதைப் படித்தபோதுதான், இது யாரைப் பற்றி என்று தோன்றியது.

ஆலை வாசலில் கண்ணாடிப் பலகை ஒன்று உண்டு, அன்றன்றைய பத்திரிகையை அதில் விரித்து ஒட்டுவார்கள். ஒரே தாளை விரித்தால் நான்காம் பக்கமும் முதல் பக்கமும் அக்கம்பக்கமாக வரும். வழக்கமாக அங்கே காக்காய்கூட நிற்காது. அன்று முப்பது பெண்கள் நின்றார்கள். இடப்பக்கம் படித்தவள் வலப்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி இடப்பக்கம் போனாள். சேர்ந்து வாழ்கிறார்கள் என்று போட்டிருப்பதால் நிச்சயம் பிரிகிறார்கள் என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். இன்னொருத்தி, கோர்ட்டு காகிதத்தையும் இவர்களே எழுதத் தொடங்கிவிட்டார்களோ, அப்படியானால் தன் மணவிலக்கு செல்லுமா என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். அன்று அந்த வழி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்கு, கேன்டீனில், நியூரா என் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. தன் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் பணியாரத்தைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"நெஜமாவா?"

எது என்று கேட்டேன்.

"பின்பக்கம்தான். முன்பக்கத்தை யாரு கேட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடுதாசிக்காகத்தான் அவனை விடுறியா? அப்படின்னா சொல்லுடி. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு என் மேஜை திரும்பக் கிடைத்துவிடும். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. வேன்யாவைக் கொடுத்துவிட்டு நியூராவை வாங்கிக்கொள்வது. என் வாய் திறந்தது. அலமாரி சுவரோரம் போனது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியவில்லை என்றேன். உனக்கே தெரியலேன்னா பேப்பர்காரன் பாவம் என்ன பண்ணுவான் என்று நியூரா முணுமுணுத்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. பணியாரத்தைத் தின்று முடிப்பதற்குள், ஆலை அலுவலகத்திலிருந்து ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பத்திரிகை ஆபீஸிலிருந்து கார் வந்திருக்கிறதாம்.

ஆசிரியர் லெவ் கார்போவிச் நாக்கடியில் இதய மாத்திரையை அடக்கிக்கொண்டு பேசினார். நல்ல மனிதர். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மேஜைவிளக்கு கொடுத்தவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததை எனக்கு விளக்குவதைவிடத் தனக்கே விளக்கிக்கொண்டார். முதல் பக்கத்துக்கு என்று வேறொரு குடும்பம் வைத்திருந்தார்களாம், கப்பல் கேப்டனும் டாக்டரும். நேற்று மதியம் அந்தக் கேப்டன் பெயரைப் போட வேண்டாம் என்று மேலிருந்து போன் வந்தது. அவசரத்துக்குப் பழைய கோப்பிலிருந்து எங்கள் படத்தை எடுத்து அவரே எழுதினார். வேன்யா ஊரில் இல்லை. நான்காம் பக்கம் முந்தாநாளே அச்சுக் கோத்து முடிந்துவிட்டது. முதல் பக்கத்தைப் பிழைதிருத்துபவர் நான்காம் பக்கத்தைப் பார்ப்பதில்லை. தணிக்கைக்காரர் இரண்டையும் பார்த்தார், ஆனால் அவர் அச்சில் வரக்கூடாத ரகசியத் தொழிற்சாலை எண்களைத்தான் தேடினார்.

"கபிதோலினா யெகோரோவ்னா, முதல் பக்கம் தப்பா இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும். அப்ப நாலாம் பக்கம்தான் தப்பு. ஆனா அது கோர்ட்டு அனுப்பினது, அதுவும் தப்பா இருக்க முடியாது. காலைலேருந்து மூணு தடவை கட்சிக் குழுவிலேருந்து போன். ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

எனக்கும் தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவர் இரக்கமாகத்தான் இருந்தது.

கடைசியில் கட்சிக் குழுவில் யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்திருந்தார். மனைவி மணவிலக்குக் கேட்டது உண்மை. இன்று காலை முதல் பக்கக் கட்டுரையைப் படித்ததும் அவள் கண் திறந்தது. தன் குடும்பம் எத்தனை உயர்ந்தது என்று பத்திரிகை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறாள், ஆசிரியருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதுகிறாள். கடிதம் சனிக்கிழமை வரும். அப்போது இரண்டு பக்கமும் சரி.

லெவ் கார்போவிச் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். உங்களுக்கு மறுபடி வேணும்னா பிறகு புதுசா விண்ணப்பம் போட்டுக்கலாம், இன்னும் ஒரு பத்து மாசம் யோசிக்க அவகாசம் கிடைச்சதா வச்சுக்குங்க என்றார். வேடிக்கை என்னவென்றால், பத்து மாதம் என்றதும் என் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே என் பெயரில் இன்னொரு கடிதமா என்று நெஞ்சு எரிந்தது.

அப்போதுதான் வேன்யா உள்ளே வந்தான். பூட்ஸில் பண்ணைச் சேறு, கையில் பை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரோ பத்திரிகையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், சுருட்டிப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்தான், ஆசிரியரைப் பார்த்தான். லெவ் கார்போவிச் விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லி, தன் டைப்ரைட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வழக்கமான நீளம், நாற்பது வரி, உள்ளத்திலிருந்து என்றார். அடுத்த அறையில் மறுபடி போன் அடித்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேன்யா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான். தாளைச் சொருகினான். அவன் டைப் அடிக்கும் சத்தம் எனக்குப் பழக்கம், ஒரே ஓட்டமாக ஓடும், நிற்காது. 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' என்று அடித்தான். பிறகு விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. அடுத்த அறையில் லெவ் கார்போவிச் ஆமாம், ஆமாம் என்பது கேட்டது.

நான்தான் முதலில் பேசினேன். கேட்க நினைத்தது வேறு, வாயில் வந்தது இது:

"நீ நெனச்சிருந்தா அந்தச் சீட்டைக் கம்பியிலேருந்து எடுத்திருக்கலாமே."

"எடுக்கலாம்னு ரெண்டு தடவை போனேன்."

"அப்புறம்?"

"ஒரு தடவை கையிலயே எடுத்துட்டேன். நவம்பர்ல." அவன் டைப்ரைட்டரைப் பார்த்தே பேசினான். "அதுல உன் கையெழுத்து இருந்துச்சு. ஏற்கெனவே ஒரு காரியத்தை உன்னைக் கேக்காம உன் பேர்ல பண்ணிட்டேன். இன்னொண்ணையும் பண்ண வேணாம்னு திரும்பக் குத்தி வச்சுட்டு வந்தேன். நீயா எடுத்தா எடுக்கட்டும்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒண்ணும் கேக்கலையே."

அவன் சொன்னது நியாயமா அநியாயமா என்று எனக்கு இப்போதும் தீர்மானிக்க முடியவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நான் யோசித்த அத்தனை யோசனையும் தலைகீழாகப் புரண்டது. சீட்டை அவன் எடுக்காததை அலட்சியம் என்று நான் எண்ணியிருந்தேனே, அதுதான் ஒன்றரை வருடத்தில் அவன் எனக்குக் காட்டிய பெரிய மரியாதை. அதை அவன் காட்டிய விதத்தில் இன்று ஊர் முழுக்க நாங்கள் பிரிகிறோம் என்று படித்துக்கொண்டிருக்கிறது. கோபப்படுவதா, அவன் சேற்றுப் பூட்ஸின் மேல் விழுந்து அழுவதா? இரண்டையும் செய்யவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். முள்ளங்கி நறுக்கியவனின் முகமில்லை அது. களைத்துப்போய், காது சிவந்து, கொஞ்சம் பயந்திருந்தது.

"சொல்லு காபா. நீ என்ன சொல்றியோ அதை எழுதறேன். விலகறேன்னு சொன்னா விலகறேன்னு எழுதறேன். ஒண்ணும் எழுதாதேன்னு சொன்னாலும் சரி, நான் அவர்கிட்ட பேசிக்கறேன். என்ன எழுதட்டும்?"

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என்ன எழுதட்டும் என்று அவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருடத்து வார்த்தை தயாராக இருந்தது. அது எழுதுவதைப் பற்றியதே இல்லை. அவன் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பக்கமும் இல்லை, முதலும் இல்லை, நான்காமும் இல்லை. சம்மதித்தால் நாளைக்கு அவனுக்கு இந்த நாற்காலி இருக்காது, எங்களுக்கு அந்த அறை இருக்குமா என்பதும் சந்தேகம். அடுத்த அறையில் லெவ் கார்போவிச் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவினேன்.

"எதுவும் எழுத வேணாம், வேன்யா. நாலு மணிக்கு ஷிப்டு முடியும். என்கூட ஆலைக்கு வா. வாசல்ல நிப்போம். நியூராவும் மத்தவங்களும் வெளிய வரும்போது, அவங்க எல்லார் முன்னாடியும், அந்தக் கடிதத்தை எழுதினது நீன்னும், என்னைக் கேக்காம என் பேரைப் போட்டேன்னும், உன் வாயால சொல்லு."